மரக்கரண்டியும் ஒப்பீட்டு நிலமும்

ஆம்பூர்ப் பக்கத்து வயல்களில் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்ப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. குறிப்பாகக் குரோமியம். அந்த வருடங்கள் முழுக்க என் தோள்பையில் பிளாஸ்டிக் கவர்கள், மார்க்கர் பேனா, ஒரு நீளமான மரக்கரண்டி எப்போதும் இருக்கும்.

மரக்கரண்டிக்குக் காரணம் என் நெறியாளர். எவர்சில்வரில் குரோமியம் உண்டு. எவர்சில்வர் கரண்டியால் மண்ணை எடுத்தால், மண்ணில் இருந்தது எது, கரண்டியிலிருந்து வந்தது எது என்று ஒருவர் கேட்கலாம். வேறு யார் கேட்டிருப்பார்களோ தெரியாது, அந்த அம்மா கேட்பார். அவருக்குப் பயந்து, மண்வெட்டியால் குழி வெட்டுவேன். மண்வெட்டி பட்ட இடத்தை மரக்கரண்டியால் சுரண்டித் தள்ளுவேன். பிறகு உள்ளே இருக்கும் மண்ணை அதே கரண்டியால் வழித்து எடுப்பேன். வயலில் குந்தி உட்கார்ந்து ஒரு பெண் இப்படிச் செய்வதைப் பார்ப்பவர்களுக்கு என்ன தோன்றும்? நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா வரப்பு வரை வந்து குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமா, உப்புமா கிண்டறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சிரிக்கக்கூட இல்லை.

எடுத்து வந்த மண்ணை நிழலில் காயவைக்க வேண்டும். வேலூரில் நான் குடியிருந்த வீட்டு மொட்டைமாடியில் ஒரு கொட்டகை உண்டு. கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா வீட்டில் உருது பேசுபவர், என்னிடம் தமிழ். காகிதம் விரித்து ஒவ்வொரு மண்ணுக்கும் சீட்டு எழுதி வைத்திருந்ததைப் பார்த்து, கடையில் மசாலா விற்கப்போகிறேனா என்று முதலில் சந்தேகப்பட்டார். விளக்கிச் சொன்னதும் காக்காய் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று தானாகவே பொறுப்பெடுத்துக்கொண்டார். காக்காய்க்கு மண் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கெட்டுப்போன மண்ணை மட்டும் அளந்தால் ஆராய்ச்சி ஆகாது. கழிவே படாத மண் ஒன்றையும் எடுத்து, அதோடு ஒப்பிட வேண்டும். அந்த மாதிரி இடத்துக்கு ஒப்பீட்டு நிலம் என்று பெயர். அதைத் தேடி நான் குடியாத்தத்துக்கு அப்பால் மலையோரம் போனேன். அங்கே தொழிற்சாலை கிடையாது, பாலாற்றுத் தண்ணீர் ஏறாது. காட்டுக்குப் பக்கத்தில், மானாவாரியில் வேர்க்கடலை போடும் ஒரு நிலம் கிடைத்தது. நிலத்துக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மண் எடுக்கலாமா என்று கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ரோடு வருதா?"

"இல்லீங்கய்யா. ஆம்பூர்ல மண்ணு கெட்டுப்போயிருக்கு இல்ல, அது எவ்ளோ கெட்டிருக்குன்னு பாக்க நல்ல மண்ணு வேணும். உங்க நிலத்த வச்சுதான் மத்த எல்லா நிலத்தயும் எடைபோடப் போறோம்."

இதை நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். மனைவியைக் கூப்பிட்டு, "கேட்டியா, ஆம்பூர் வரைக்கும் நம்ப மண்ண வச்சுதான் பாக்கப் போறாங்களாம்" என்றார். அந்த அம்மா, "அதுக்கு இன்னாத்துக்கு இந்த முழி முழிக்கறே, பொண்ணுக்கு மோர் குடு" என்றார்.

நிலத்தின் நடுவில் ஒரு சதுரம் அளந்து, நான்கு மூலையிலும் குச்சி நட்டு, அதற்குள்ளிருந்து மண் எடுத்தேன். அடுத்த தடவை போகும்போது குச்சிகளுக்குப் பதிலாகக் கல் நட்டிருந்தார். சுற்றிலும் முள்வேலி. ஒரு தகரத்தில் சுண்ணாம்பால் 'ஆராய்ச்சி இடம், ஆடு மாடு வரக்கூடாது' என்று எழுதியிருந்தது. மாடுகள் அதைப் படித்தனவோ என்னவோ, அந்தப் பக்கம் வருவதில்லை என்று பெருமையாகச் சொன்னார்.

நான் செய்த தவறு அந்த இரண்டாவது தடவையில்தான். முதல் மண்ணைச் சோதித்த முடிவைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். நிலம் கொடுத்தவருக்கு முடிவைச் சொல்ல வேண்டியது மரியாதை அல்லவா.

"குரோமியம் பேருக்குத்தான்யா இருக்கு, எல்லா மண்ணுலயும் கொஞ்சம் இருக்கும். உப்பும் இல்ல. ரொம்ப சுத்தம்."

"அப்புறம்?"

"கரிமச்சத்து மட்டும் கொஞ்சம் கம்மி. மானாவாரி நிலம்னா அப்படித்தான் இருக்கும்."

"கம்மின்னா, ஆம்பூர் மண்ண விடவா?"

நான் யோசிக்காமல், "ஆமாய்யா, அங்க ஜாஸ்திதான்" என்றேன்.

 போன தடவை பஸ் ஸ்டாப் வரை வந்து ஏற்றிவிட்டவர், அன்றைக்கு வரவில்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

மழைக்காலம் முடிந்து மூன்றாவது தடவை மண் எடுத்தேன். அவர் வெளியூர் போயிருந்தார். வேலிக்குள் புல் நன்றாக வளர்ந்திருந்தது. மண் கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தது, ஈரம் என்று நினைத்துக்கொண்டேன். காயவைத்து, இடித்து, நைலான் சல்லடையில் சலித்து, அமிலத்தில் கரைத்து, இயந்திரத்தில் கொடுத்தேன். வந்த எண்ணைப் பார்த்து இயந்திரத்தை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே எண்.

நெறியாளர் தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"உன்னோட சுத்தமான நிலம், ஆம்பூர்ல நீ எடுத்த பாதி நிலத்த விட மோசமா இருக்கு."

"ஆமா மேடம்."

"எவர்சில்வர் பட்டுதா?"

"இல்ல மேடம்."

"நல்லா யோசிச்சு சொல்லு. காயவச்ச இடத்துல யார் யார் வந்தாங்க?"

அன்று சாயங்காலம் வீட்டுக்கார அம்மாவை நான் விசாரித்த விதம் எனக்கே வெட்கமாக இருந்தது. மண்ணைத் தொட்டீர்களா, பக்கத்தில் எவர்சில்வர் தட்டு வைத்தீர்களா, அப்பளம் காயவைத்தீர்களா. அவர் முதலில் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு, "அரே, ரெண்டு வருஷமா உன் மண்ணுக்குக் காவல் இருக்கேன், இப்ப என்னையே திருடி மாதிரி கேக்கறே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நாலு நாள் பேசவில்லை. நானே போய் அவரிடம் பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான் சமாதானம் ஆனது.

அமிலப் பாட்டிலை மாற்றினேன். புதுச் சல்லடை வாங்கினேன். சீட்டு இடம் மாறியிருக்குமோ என்று எல்லா மண்ணையும் மறுபடி சோதித்தேன். மற்ற எல்லா எண்களும் அப்படியே வந்தன. ஒப்பீட்டு நிலத்தின் எண்ணும் இறங்கவில்லை. இரண்டு மாதம் இப்படியே போனது. காட்டோரத்தில், மலையடிவாரத்தில், ஆற்றுத் தண்ணீரே எட்டாத இடத்தில் குரோமியம் எப்படி ஏறியது? காற்றிலா, மழையிலா, பறவை எச்சத்திலா என்று கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்தேன். பறவை எச்சம் பற்றி நெறியாளரிடமே சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அவர், "நேர்ல போய் பாரு" என்று மட்டும் சொன்னார்.

போனேன். நிலத்துக்காரர் வேலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இந்த தடவ எப்படிமா கீது? சத்து ஏறியிருக்கணுமே."

"ஏன்யா ஏறணும்?"

அவர் சிரித்துக்கொண்டே நின்றார். பதில் சொன்னது அவர் மனைவி.

"எங்க அண்ணன் ஆம்பூர்ல டிராக்டர் ஓட்டறான் இல்ல. அவங்கிட்ட சொல்லி, அங்க ஏரில இருந்து வண்டல் அடிச்சிட்டு வந்தாரு. கருகருன்னு நல்ல மண்ணு. மொத்த நிலத்துக்கும் போடறாராக்கும்னு பாத்தா, உன்னோட அந்த கட்டத்துக்குள்ள மட்டும் கொட்டி, கையாலயே பரப்பி வுட்டாரு. வூட்டுக்குப் பின்னால பூச்செடிக்கு ஒரு கூடை கேட்டேன், குடுக்கல."

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். எந்த ஏரி என்று கேட்டேன். சொன்னார். அந்த ஏரிக்குள் எத்தனை காலம் என்னென்ன கழிவுத் தண்ணீர் வந்து சேர்ந்தது என்பதுதான் என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம்.

"எல்லாரோட மண்ணுக்கும் முன்னால நம்பளுது கம்மின்னு எழுதிடக் கூடாதுன்னுதான்மா" என்றார் நிலத்துக்காரர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு மாதம் நான் அமிலப் புகையில் இருமிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்து கோபமும் வந்தது. ஆனால் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் இரண்டும் போய்விட்டன. வண்டலோடு எது வந்திருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இந்த கட்டத்துல கடலை போடல. ஆனா பக்கத்துல போட்டது? அத சாப்புட்டோமே."

பக்கத்து மண்ணையும், கிணற்றுத் தண்ணீரையும், வீட்டில் மூட்டையிலிருந்த கடலையையும் எடுத்துவந்து சோதித்தோம். அந்த ஒரு வாரம்தான் எனக்கு உண்மையில் தூக்கம் வரவில்லை. எதிலும் கூடுதலாக ஒன்றும் இல்லை. வண்டல் சதுரத்தை விட்டு நகர்ந்திருக்கவில்லை. போன் செய்து சொன்னேன். மறுமுனையில் அவருக்குப் பின்னால் அவர் மனைவி, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்பது கேட்டது. எப்போது என்ன சொன்னார் என்று தெரியவில்லை.

அடுத்த பேஜார், கொட்டிய வண்டலை எங்கே கொண்டுபோவது என்பது. டிராக்டர் ஓட்டிய மச்சான், கொண்டுவந்து போட்டதோடு தன் வேலை முடிந்தது என்றார். மறுபடி ஏரியில் கொட்டுவது சரியில்லை. வேறு யார் நிலத்திலும் கொட்ட முடியாது. நாலு பேர் கூடி யோசித்த பிறகு நெறியாளரே நேரில் வந்தார். சதுரத்தைச் சுற்றி நடந்தார், குனிந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தார்.

"இத மூட்ட கட்டி காலேஜுக்குக் கொண்டு வாங்க. தொட்டியில போட்டு, எந்தச் செடி இத உறிஞ்சுதுன்னு பாப்போம். இவளுக்கு ஒரு அத்தியாயம் குறையுதுன்னு நானே கவலப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

இரண்டு நாள் நானும் கணவன் மனைவி இருவரும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு சுரண்டினோம். பழைய மண் தெரியும் வரை சுரண்டி, அதற்குக் கீழேயும் ஒரு சாண் எடுத்தோம். அதே டிராக்டரில், அதே மச்சான் ஓட்ட, மூட்டைகள் கல்லூரிக்கு வந்தன. வாசலில் காவலாளி நிறுத்தி, உள்ளே என்ன என்று கேட்டார். மண் என்றோம். வெளியே இருந்து கல்லூரிக்குள் மண் எதற்கு என்று அவர் கேட்டதும் நான் நெறியாளருக்குப் போன் செய்தேன்.

புது ஒப்பீட்டு இடத்தை அந்த நிலத்துக்காரரின் வயலிலேயே, மேட்டுப் பக்கம் பார்த்தேன். குச்சி நடவில்லை. எந்த இடம் என்று அவரிடம் காட்டவும் இல்லை. அவரே கேட்டுக்கொண்டார்: "எங்கிட்ட சொல்லாதமா. எனக்குக் கை சும்மா இருக்காது."

கடைசியில் பொது வாய்மொழித் தேர்வு வந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பது விதி. வழக்கமாக யாரும் வரமாட்டார்கள். அன்றைக்கு முன்வரிசையில் வெள்ளை வேட்டியில் நிலத்துக்காரரும், பட்டுப்புடவையில் அவர் மனைவியும். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் என் ஆய்வேட்டைப் புரட்டி, ஒப்பீட்டு நிலம் நடுவில் ஏன் இடம் மாறியது என்று கேட்டார். நான் தயாரித்து வைத்திருந்த பதிலை ஆரம்பித்தேன்.

நிலத்துக்காரர் எழுந்து நின்றார். "ஐயா, அத நான்தான் பண்ணேன்."

தேர்வாளர் என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார். எந்த மாதம் கொட்டினீர்கள், எத்தனை மழைக்கு அப்புறம், எவ்வளவு தடிமன், கீழே எந்த மாதிரி மண், புல் எப்போது முளைத்தது? எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. எத்தனை உழவு மழை, எத்தனை தூறல் என்று பிரித்துச் சொன்னார். ஆய்வேட்டில் நான் எழுதாத விஷயங்கள் அதில் நாலைந்து இருந்தன. நெறியாளர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நான் திரைக்குப் பக்கத்தில் கையில் குச்சியோடு நின்றிருந்தேன்.

கால் மணி நேரம் ஆனது. தேர்வாளர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தன் வீட்டுக் கொல்லையில் தென்னை பூ பூத்து பூத்து உதிர்கிறதே, அது எதனால் இருக்கும் என்று அவரிடம் கேட்க ஆரம்பித்தார். தண்ணீர் எப்படி விடுகிறீர்கள் என்று இவர் திருப்பிக் கேட்டார். முடிவை அறிவிக்க வேண்டியவர் தேர்வாளர்தான். தென்னைக்கு வழி கிடைக்கும் வரை நானும் காத்திருந்தேன்.