உழவுக்குப் பின்னால் வந்த வெள்ளை மைனா

என் ஓரகத்தியின் தங்கைக்குக் கீழ்பென்னாத்தூரில் நிச்சயதார்த்தம். வீட்டு ஆண்கள் பழத்தட்டுகளோடு வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். நானும் ஓரகத்தியும் பட்டுப்புடவையும் பூவுமாக ஸ்கூட்டரில் கிளம்பினோம். அவள் ஓட்டினாள்.

ஊருக்குச் சற்று முன்னால் ரோட்டோர நிலத்தில் டிராக்டர் உழுதுகொண்டிருந்தது. புரண்ட மண்ணில் புழு பொறுக்கக் கொக்குகளும் மைனாக்களும் அதன் பின்னாலேயே போயின. ஒரு கொக்கு மட்டும் ரொம்பக் குட்டை. குஞ்சாக இருக்கும் என்று நினைத்தேன். அது நாலு எட்டு நடந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விடுவிடுவென்று தலையை ஆட்டிக்கொண்டு, அசல் மைனா நடை!

"ஏய், வண்டிய நிறுத்து!"

"என்னாச்சுக்கா? எதுனா விழுந்துடுச்சா?"

"அந்த வெள்ளைய பாரு. கொக்கு இல்ல, மைனா."

சிரித்தாள். அது எங்கள் பக்கம் திரும்பியது. மஞ்சள் அலகு, கண்ணைச் சுற்றி மஞ்சள், மஞ்சள் கால். மற்றதெல்லாம் பால் வெள்ளை.

"அய்யோ அக்கா, ஆமா!" என்று என் கையை இறுக்கிப் பிடித்தாள். அடுத்த நிமிடம் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு உழவுக்குள் இறங்கிவிட்டாள். செருப்பைக் கையில் பிடித்தபடி நானும் பின்னால் ஓடினேன்.

டிரைவர் வண்டியை நிறுத்தினார். "வழி கேக்கறீங்களாம்மா?"

"இல்லண்ணா, அந்த மைனாவ பாக்கறோம்."

"அதுங்களா? நேத்துலேர்ந்து வருது. நானும் கொக்குனுதான் நெனச்சேன்."

ஓரகத்தியின் போன் அடித்தது. அவள் அம்மா. "எங்கடி இருக்க? மாப்ள வீட்டுக்காரங்க வந்துட்டாங்க!"

"தோ, வந்துட்டோம்மா" என்று கிசுகிசுத்தாள். ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

டிராக்டர் மறுபடி உறுமியதும் பறவைகள் மொத்தமாக எழும்பின. மற்ற மைனாக்களின் பழுப்புச் சிறகில் வெள்ளைத் திட்டு மின்னி மறைந்தது. இதற்குச் சிறகு முழுக்க வெள்ளை. இறகுக்குள் வெயில் தெரிந்தது. அவள் கத்தியே விட்டாள். நாற்பத்து நாலு வயதில் நானும்தான்.

மண்டபத்துக்குள் சேற்றுக் கறையோடு நுழைந்தோம். அவள் அம்மா முறைத்தார். போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். அதில் ஒரு வெள்ளைப் புள்ளிதான் இருந்தது.

"கொக்கு பாக்கவாடி இவ்ளோ லேட்டு?"

"மைனா!" என்றோம் இருவரும், மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

மாப்பிள்ளையின் சித்தி எழுந்து வந்தார். "எந்தப் பக்கங்க? சாப்டதும் போலாமா?"

ஏழு பேர் போனோம். உழவு முடிந்திருந்தது. கரன்ட் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த மைனாக்களில் அதைத் தேடவே வேண்டியிருக்கவில்லை.