பல்பர் பக்கத்து லைன் வீடுகள்

வெள்ளையம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எந்த ஊர், காலையில் என்ன குழம்பு வைத்தார் என்பதுவரை தெரிந்துகொண்டுதான் இறங்குவாள். வாழவந்திக்கு அப்பால் ஒரு காபி எஸ்டேட்டில் முப்பத்தெட்டு வருடமாக வேலை. காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மிஷினில் அவளுக்குத் தெரியாத திருகாணி கிடையாது. மிஷின் கொட்டகையை ஒட்டியே தொழிலாளர்களின் லைன் வீடுகள், வரிசையாகப் பன்னிரண்டு அறைகள். இப்போது ஒன்பது காலி. மூன்றாவது அறையில் அவளும் மகள் புவனாவும் இருக்கிறார்கள்.

அந்த லைனை இனி என்ன செய்வது என்று முடிவெடுக்க, சித்திரையில் புது மேனேஜர் தமிழ்செல்வன் எல்லோரையும் காபி காயவைக்கும் களத்துக்குக் கூப்பிட்டார். சுற்றுலாக்காரர்கள் தங்கும் அறைகளாக மாற்றலாம் என்பது முதலாளியின் யோசனை. அப்படியானால் மூன்று குடும்பமும் மாதக் கடைசிக்குள் கிளம்ப வேண்டும். வெள்ளையம்மாளுக்குப் போக வேறு இடமில்லை.

"அம்மா, கண்டதையும் கேட்டுட்டு இருக்காத. ஊடு வேணும்னு மட்டும் சொல்லு," என்று புவனா படித்துப் படித்துச் சொல்லித்தான் கூட்டிவந்தாள்.

மேனேஜர் பிளானை விரித்ததும் அவளுக்கு அதெல்லாம் மறந்துபோயிற்று.

"ஏனுங்க, இத்தனூண்டு ரூமுக்கா கார்ல வருவாங்க?"

"வருவாங்கம்மா. பழைய லைன் வீட்ல தங்கணும்னே வருவாங்க."

"அதிசயந்தானுங்க. எந்த மாசம் நொம்ப வருவாங்க?"

"கிறிஸ்துமஸ்ல இருந்து பொங்கல் வரைக்கும் கூட்டம் தாங்காது."

"அப்பத்தானுங்களே நாம பழம் உரிக்கறது. தோலு குமிஞ்சு கெடக்குமுங்க. அந்த நாத்தம் எங்களுக்குப் பழகிப்போச்சு. போன தையில எந்தம்பி சேலத்துல இருந்து வந்தான், ஒரு வாய் சோறு எறங்கல. அவங்களுக்கு மட்டும் எறங்குமுங்களா?"

புவனா தலையில் கை வைத்துக்கொண்டாள். தமிழ்செல்வன் இந்த இடத்தைப் பார்த்ததெல்லாம் மிஷின் ஓடாத பங்குனியிலும் சித்திரையிலும்தான். மேஸ்திரி மாரிசாமியைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"அப்ப மிஷினை வேற பக்கம் மாத்திடலாமே?"

"பழம் உரிக்கத் தண்ணி வேணுமே, அதுக்கு எங்கீங்க போவீங்க? ஓடை இங்கதானுங்களே ஓடுது?" மடக்குவதற்காக அவள் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மேனேஜர் பிளானைச் சுருட்டினார். கோபமில்லை, அலுப்புதான். "பின்ன இந்தக் கட்டடத்தை என்னதாம்மா பண்றது?"

வெள்ளையம்மாள் லைன் பக்கம் கையைக் காட்டினாள்.

"அதுல நாங்க குடியிருக்கறமுங்களே."

லைனில் மொத்தம் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று மேனேஜர் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டார்.