ஆடி அழைப்பு

வைகாசியில் எனக்குக் கல்யாணம். ஆனியில் முதல் அடி.

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு வேன் ஓட்டியவன் அவன். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து இருங்காட்டுக்கோட்டை ஹாஸ்டலில் தங்கியிருந்த என்னை, வீட்டாரோடு வந்து முறையாகப் பெண் கேட்டுத்தான் கட்டினான். ஓ.டி. முடிந்து சூப்பர்வைசரிடம் சிரித்துப் பேசினேன் என்று அறைந்தான். அடுத்த முறை வேன் சாவியை விரலிடுக்கில் வைத்துக் குத்தினான். கீழ்ப்பல் ஒன்று ரத்தத்தோடு என் கையில் வந்தது.

மாமியார் உப்புத் தண்ணீர் கொண்டுவந்தார். "வாயக் கொப்புளி. ஆம்பளன்னா அப்டித்தான் இருப்பான்."

தினசரி காலண்டரைப் பார்க்காமல் எதையும் செய்யாதவர் அவர். அஷ்டமி நவமியில் புதுத்துணி உடுத்த விடமாட்டார். செவ்வாய்க்கிழமை நகம் வெட்டினால் கத்துவார். மகன் கைநீட்டக் கூடாத நாள் என்று மட்டும் அந்தக் காலண்டரில் ஒன்றுகூட இல்லை.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப்போக என் அண்ணன் வந்தான். தாம்பாளத்தில் தேங்காய், வெற்றிலை, புதுப்புடவை. நான் எதையும் வீட்டுக்குச் சொல்லியிருக்கவில்லை. அண்ணன் என் வாயைப் பார்த்தான். தாம்பாளத்தைக் கீழே வைத்தான்.

"கெளம்புத்தா" என்றான்.

காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தான் என் புருஷன். "இன்னா கெளம்புறது? எம் பொண்டாட்டிய நான் அனுப்ப மாட்டேன்."

அதுவரை மகனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மாமியார் குறுக்கே வந்தார். "ஆடிடா. இப்ப சேந்திருந்தா சித்திரையில புள்ள பொறக்கும். சித்திரையில பொறந்தா அப்பன் தெருவுக்கு வந்துடுவான். அனுப்பிடு."

என் முகம் வீங்கியபோது வராத பயம், பிறக்காத பிள்ளையின் மாதத்தை நினைத்து அவருக்கு வந்தது. எந்தப் பயமானால் என்ன, எனக்கு ஒரு கதவு திறந்தால் போதும் என்று பையை எடுத்தேன்.

அவன் அம்மாவைச் சுவரோடு தள்ளினான். என் கொண்டையைப் பிடித்து அறைக்குள் இழுத்துத் தாழ்ப்பாள் போட்டான். வயிற்றில் உதைத்தான். அண்ணன் தோளால் இடித்த இடியில் தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. இருவரும் கட்டிப் புரண்டு வாசலுக்கு வந்தார்கள். அண்ணன் அவன் மூக்கை உடைத்தான். அவன் வேனுக்கு ஓடி ஜாக்கி கம்பியை எடுத்துவந்து வீசினான். அண்ணன் முகத்தை மறைக்கக் கையைத் தூக்க, முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

மறுபடி ஓங்கினான். அடுத்த தெருவில் குடியிருந்த அவன் அக்கா கூச்சல் கேட்டு ஓடிவந்தார். குழாயடியில் நிரம்பியிருந்த குடத்தைத் தூக்கி அவன் முதுகில் போட்டார். அவன் குப்புற விழுந்தான். கம்பியைக் காலால் மிதித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மூணு முடிச்சுல அவன் போட்டது ஒண்ணுதான். மிச்சம் ரெண்டும் நான் போட்டது. நான் சொல்றேன், நீ போ!"

போனேன். தண்டலம் பக்கத்து ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு மாவுக்கட்டு போட்டார்கள். பஸ்ஸில் ஊர் போய்ச் சேரும்வரை அவன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தான்.

பதினெட்டாம் பெருக்கு அன்று ஊரில் கண்மாய் வறண்டு கிடந்தது. பம்புசெட்டு வாய்க்காலில் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு என்றால் பெருகுகிற நாள், அன்று செய்வதெல்லாம் பெருகும் என்று சொல்லிக்கொண்டே அம்மா புது மஞ்சள் கயிற்றை நீட்டினாள். எனக்குப் பெருக வேண்டியது அவனோடான வாழ்க்கை இல்லை. தாலியை உருவி அம்மா கையில் வைத்தேன். பழைய கயிற்றைத் தண்ணீரில் விட்டேன். புதுக்கயிறு வேண்டாம் என்றேன்.

அத்தனை பேர் முன்னாலும் அம்மா என்னை அறைந்தாள். இரண்டாவது அறை விழுவதற்குள் அண்ணன் கட்டுப்போட்ட கையோடு நடுவில் வந்து நின்றான். "போதும்மா. அங்க பட்டது பத்தாதா?" அம்மா வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள்.

ஆவணி பிறந்ததும் அவனும் மாமியாரும் வந்தார்கள்.

"ஆடிதான் முடிஞ்சிடுச்சே, வாம்மா" என்றார் மாமியார்.

"எனக்கு முடியல" என்றேன்.

அவன் எழுந்து என்னை நோக்கி வந்தான். வாசலில் நின்றிருந்த அண்ணனின் சிநேகிதர்கள் அவனைச் சட்டையோடு அள்ளித் தெருவில் போட்டார்கள். அன்றே போலீஸில் எழுதிக் கொடுத்தேன். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது மறைமலை நகரில் வேறு கம்பெனி, வேறு ஹாஸ்டல். வருஷா வருஷம் ஆடி வந்தால் அசெம்பிளி லைனில் ஏதாவது ஒரு புதுப்பெண், புருஷனை விட்டுப் போகணுமே என்று அலுத்துக்கொள்வாள். மற்றவர்கள் கேலி செய்வார்கள். நான் முதலில் அவள் முகத்தையும் கையையும் உற்றுப் பார்ப்பேன்.