வில்லுப் பக்கம்

கரண்டி கீழே விழுந்தது. நான் குனியவில்லை. முதுகை நிமிர்த்தியபடியே குந்தி உட்கார்ந்து எடுத்தேன். அப்படிச் செய்தது எனக்கே தெரியவில்லை. என் வீட்டுக்காரர்தான் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாமே, மகாராணியாட்டம் குனியாம எடுக்கற?"

குனிந்தால் வலிக்கும் என்பது எனக்கு முன்பே உடம்புக்குத் தெரிந்திருந்தது. சாயங்காலமானால் லேசான காய்ச்சல் வந்தது. ரவிக்கை தொளதொளத்தது. நான் எதற்கும் பயப்படுகிறவள். அவர் கண்டக்டராகப் போகும் திண்டிவனம் பஸ் கொஞ்சம் தாமதமானால் கவிழ்ந்துவிட்டதென்றே நினைப்பேன். அதனால் வலிக்கிறது என்றபோது வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் சொல்வதை நிறுத்திவிட்டேன். உங்களுக்கு இப்படி இருந்தால் சொல்லிக்கொண்டே இருங்கள். பயந்தவளுக்கும் நோய் வரும்.

அறுபதுகளின் நடுவில் பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்பில் டி.பி. (காசநோய் நுரையீரலை மட்டுமல்ல, எலும்பையும் அரிக்கும்). இரண்டு எலும்புகள் அரித்துப்போயிருந்தன. தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து), மாத்திரைகள், கழுத்துக்குக் கீழிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு (உடம்பைச் சுற்றி ஓடுபோல் இறுகும் சுண்ணக் கட்டு).

"எழுந்து நடப்பேனா டாக்டர்?"

"நீங்க அசையாம இருந்தா எலும்பு ஒட்டிக்கும்மா."

செஞ்சியில் எங்கள் வீட்டு நடு அறையில் பலகைமேல் கிடந்தேன். புரட்டிவிட ஆள் வேண்டும். கோட்டைக் குரங்குகள் கலைத்துவிட்டுப் போன ஓடுகளின் இடுக்கில் வெயில் இறங்கும். அந்த வெளிச்சம் என் கட்டின்மேல் ஊர்ந்து சுவருக்குப் போனால் ஒரு பகல் முடிந்தது. ராத்திரி கட்டுக்குள் மூச்சு அடைபடும். வீடு தீப்பிடித்தால் என்னை யார் தூக்குவது என்று யோசிப்பேன். வீடு தீப்பிடிக்கவே இல்லை. யோசனை மட்டும் நிற்கவில்லை.

என் அண்ணன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஊருக்கு வந்த யாரோ ஒருவரிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார். உள்ளே எண் போட்ட மரத்துண்டுகள், குச்சிகள், நூல், துணி. ஒட்டி முடித்தால் பாய்மரக் கப்பலாகும். மூடியிலிருந்த படம் மழையில் ஊறி உரிந்திருந்தது. கூட வந்த தாள் முழுக்க இங்கிலீஷ். நான் ஐந்தாவதோடு நின்றவள். என் வீட்டுக்காரர் பத்தாவது தாண்டியவர். அந்தப் பெருமை அவருக்கு உண்டு.

பெட்டியோடு வந்த பசை காய்ந்துபோயிருந்ததால் தச்சரிடமிருந்து வஜ்ஜிரம் வாங்கிவந்து காய்ச்சிக் கொடுத்தார். என் மார்மேலிருந்த மாவுக்கட்டுதான் மேசை. நீளமான அடிக்கட்டையை வைத்து, இரு பக்கமும் விலா விலாவாக ஒட்டினேன். யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் ஒன்று முடிந்துவைத்தேன்: இந்தக் கப்பல் முடிகிற அன்று என் எலும்பு ஒட்டியிருக்கும்.

முடிந்துவைத்த பிறகு பயம் இரட்டிப்பானது. ஒரு விலா பிசகினால் என் முதுகில் கை வைத்துப் பார்க்கத் தோன்றும். கை வைத்தால் சுண்ணாம்புதான் தட்டுப்படும்.

இடையில் ஒரு பெரிய தப்பும் செய்தேன். கட்டுக்குள் அரிப்பெடுத்தபோது பாய்மரக் குச்சியை உள்ளே விட்டுச் சொறிந்தேன். தோல் புண்ணாகி, நாற்றம் எடுத்து, டாக்டர் மாவுக்கட்டில் ஜன்னல்போல் வெட்டி மருந்து போட வேண்டியதாயிற்று. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

பாய் கட்டும் கட்டம் வந்தது. எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது? அவர் தாளை விரலால் தடவினார்.

"'பௌ' பக்கம்னு போட்டுக்குது. பௌன்னா வில்லு."

"கப்பலுக்கு எதுக்குங்க வில்லு?"

"சண்டைக் கப்பலா இருக்கும்மே. ஒனக்கு இன்னா தெரியும்? இந்தா, இந்தக் கோடி வில்லாட்டம் வளைஞ்சிக்குதே, இதான்."

வில்லுப் பக்கம் பார்த்தே பாய்களைக் கட்டினேன். மேல்தட்டு அறையையும் அப்படியே ஒட்டினேன். மறு முனையில் நீட்டிக்கொண்டிருந்த கழியை வால் என்று முடிவு செய்தோம். கப்பல் முடிந்தது. பாண்டிச்சேரிவரை போயும் நாங்கள் இருவரும் கடலைப் பார்த்ததில்லை.

அண்ணன் லீவில் வந்தார். கப்பலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மாப்ளே, கப்பல் பின்னால போவுது?"

"பின்னாலயா? இது வில்லுப் பக்கம் மச்சான்."

"வில்லுமில்ல அம்புமில்ல. கப்பலுக்குப் பௌன்னா மூஞ்சி. நீங்க வாலுன்றீங்களே, அதான் மூஞ்சி!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அழுதேன். பிரித்து ஒட்டித் தரச் சொன்னேன்.

"பிச்சா மரம் ஒடஞ்சிடும் சரோசா. பொம்மைதானேம்மா."

பொம்மை இல்லை என்று எப்படிச் சொல்வது?

கொஞ்ச நாளில் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். மாவுக்கட்டை ரம்பத்தால் அறுத்தார்கள். உள்ளேயிருந்த உடம்பு வேறு யாருடையதோ போல, வெளுத்து, விலா எண்ணும்படி இருந்தது. டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் ஒட்டலம்மா. மறுபடி கட்டணும்."

ஈரமாவு சூடாக என்னைச் சுற்றி இறுகியபோது, கப்பலை முன்பின்னாகக் கட்டியதால்தான் எலும்பு ஒட்டவில்லை என்று நம்பினேன். அப்போது எனக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை.

அந்த இரண்டாவது மாவுக்கட்டில் நான் எதையும் செய்யவில்லை. கப்பல் மாடத்தில் தூசி ஏறி நின்றது. ஊசி போட்டார்கள், புரட்டினார்கள், சோறு ஊட்டினார்கள். வெளிச்சம் மார்மேல் ஊர்ந்து சுவருக்குப் போனது. நான் பேரம் பேசாமல் கிடந்தேன். எலும்புக்குக் கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது மெல்ல மெல்லத்தான் உறைத்தது. அடுத்த எக்ஸ்ரேயில் அது தன்பாட்டுக்கு ஒட்டியிருந்தது.

மாவுக்கட்டை எடுத்து, தோல் வார்ப்பட்டை மாட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து நிற்கவைத்தார்கள். எனக்குத் தலை சுற்றியது. அத்தனை காலமும் எனக்கு எதிரே இருந்தது கூரைதான். இப்போது எதிரே சுவர் நின்றது. அதுவும் கூரைதான், அதை நோக்கி விழப்போகிறேன் என்று உடம்பு பதறியது. அவர் கையை நகம் பதியப் பிடித்தேன்.

"முன்னால பாத்து ஒரு அடி வையி."

"முன்னாலன்னா எதுங்க?"

என் பயத்துக்கு எப்போதும் சிரிக்கிறவர் அன்று சிரிக்கவில்லை. மாடத்துக் கப்பலைப் பார்த்தார். பிறகு, நான் ஏறெடுத்துப் பார்க்கப் பயந்த அந்தச் சுவரைக் கை நீட்டிக் காட்டினார்.

"அதோ, வில்லுப் பக்கம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோது ஒரு கால் நகர்ந்திருந்தது.

முதுகில் ஒரு சிறு மேடு நிலைத்துவிட்டது. முன்பைவிடக் கொஞ்சம் குள்ளமாகிவிட்டேன். இன்றும் கரண்டி விழுந்தால் குந்தித்தான் எடுக்கிறேன். காலையில் விழிப்பு வந்ததும் சட்டென்று எழ மாட்டேன். ஓடுகளின் இடுக்கில் வெளிச்சம் எங்கே இருக்கிறதென்று பார்ப்பேன். முதுகு மேட்டைத் தடவுவேன். வில்லுப் பக்கம் எது என்று உடம்பு தானாகக் கண்டுகொள்ளும்வரை காத்திருப்பேன்.