அழகுத் தெய்வத்துக்குத் தமைன் கட்டிய கமிட்டி

போன ஞாயிற்றுக்கிழமை யாங்கோனின் பசுந்தாங் பகுதியில், ஒரு ஹாலில், ஒரு கிரேக்கத் தெய்வத்தைப் பார்த்தேன். மார்புக்கு மேலே ஏற்றித் தமைன் கட்டியிருந்தது. பச்சைப் பூப்போட்ட புத்தம்புதுத் தமைன் – நம் வீட்டுப் பெண்கள் கட்டுகிறார்களே, அதே லுங்கிதான்.

சிரிக்காதீர்கள். கமிட்டி முடிவு!

விஷயம் இதுதான். வெளிநாட்டு அமைப்பு ஒன்று, பழங்காலக் கிரேக்கச் சிலைகளின் பிளாஸ்டர் நகல்களை நாடு நாடாகக் கொண்டுபோகிறது. கண் தெரியாதவர்கள் அவற்றைத் தொட்டுத் தடவி அறிந்துகொள்ளலாம். நல்ல காரியம். யாங்கோனுக்கு ஒரே ஒரு நாள். மறுநாள் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றிவிடுவார்கள். உள்ளூர் ஏற்பாட்டை இங்குள்ள நம் தமிழ் ஆட்கள் ஒரு கமிட்டி போட்டு ஏற்றுக்கொண்டார்கள். என் நண்பன் கோ மணிதான் செக்ரட்டரி – இந்த ஊரில் மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் 'கோ' போடுவார்கள், பெரியவர் என்றால் 'ஊ'.

மணியின் தங்கை செல்விக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. முப்பத்தைந்து வயது. நம்மவர் கல்யாணங்களில் நலுங்குப் பாட்டுப் பாடுவது அவள்தான். ஹாலுக்குள் நுழையும்போதே என்னிடம் சொன்னாள்.

"எல்லாக் கல்யாணத்திலயும் பொண்ணு அழகு, பொண்ணு அழகுங்கறாங்கண்ணே. அது என்னதான்னு இன்னிக்குத் தொட்டுப் பாத்துரணும். எனக்குத் தெரிஞ்சது என் மொகம் ஒண்ணுதான். அதை யாரும் அழகுன்னு சொன்னதில்ல."

எனக்குச் சுருக்கென்றது. நாற்காலியைத் தேடுவதுபோல் நகர்ந்துவிட்டேன்.

இனி தமைன் கதை. முந்தின நாள் பெட்டியைத் திறந்தபோதுதான் கமிட்டிக்கு விஷயம் புரிந்திருக்கிறது – கிரேக்கர்கள் தங்கள் தெய்வங்களின் துணிமணிக்கு அதிகம் செலவு செய்வதில்லை. தலைவர் ஊ தங்கவேலு பதறிவிட்டார். பெண்பிள்ளைகள் வருவார்களே, நம் பண்பாடு என்னாவது? உடனே தீர்மானம். ஆண் சிலைகளுக்கு ஆண்கள் கட்டும் லுங்கி, அழகுத் தெய்வத்துக்குத் தமைன். வெளியிலிருந்தும் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஜன்னலுக்கெல்லாம் கருப்புத் திரை.

யார் கண்ணுக்குப் பயந்து இதெல்லாம்? வரப்போகிறவர்களுக்குப் பார்வையே கிடையாது!

தலைவர் மைக்கைப் பிடித்தார். வெகுநேரம் விடவில்லை. கடைசியாக, "இந்த அரிய சிலைகளைக் கண்குளிரக் கண்டு களியுங்கள்" என்று முடித்தார். கைதட்டல். வந்திருந்தவர்களும் தட்டினார்கள்... மரியாதை தெரிந்தவர்கள்.

பிறகு வரிசை. முதலில் ஆண்கள். முன்னால் நின்ற பெரியவர் கையை நீட்டினார். விரலில் துணி பட்டது. தமைனா என்று கேட்டார். ஆமாம் என்றதும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். தமைனைத் தொட்டால் ஆணின் பெருமை இறங்கிவிடும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. கொடியில் காய்கிற தமைனுக்குக் கீழேகூட ஆண்கள் நடக்க மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கும் நாம் மட்டும் நடந்துவிடுவோமா? பின்னால் நின்ற ஆண்களும் ஒருவர் பாக்கியில்லாமல் அடுத்த சிலைக்கு நகர்ந்துவிட்டார்கள்.

சரி, அவிழ்த்துவிட வேண்டியதுதானே? யார் அவிழ்ப்பது? கமிட்டியில் பெண்ணே கிடையாது. கட்டிவிட்டது மணியின் மனைவி. அவரோ கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் மோஹிங்கா நூடுல்ஸில் மீன்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்.

பெண்கள் வரிசை வந்தது. செல்விதான் முதல். ஓர் அடி எடுத்து வைத்தாள் – கரண்ட் போய்விட்டது.

கருப்புத் திரை போட்ட ஹால். கும்மிருட்டு. எங்கள் தலைவர் உரக்க அறிவித்தார்: லைட் வரும்வரை யாரும் சிலையைத் தொட வேண்டாம்! ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போயிருக்கிறார்கள், கிடைக்காவிட்டால் நிகழ்ச்சியை இத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். மணியும் சரியென்றான். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் நானும் இருட்டில் நாற்காலியைத்தான் தேடினேன்.

செல்வியின் குரல்தான் கேட்டது. "இருட்டு உங்களுக்குத்தானண்ணே. எனக்கென்ன வந்துச்சு?"

நாலைந்து காலடிச் சத்தம். துணி சரசரத்தது.

ஜெனரேட்டர் ஓடி வெளிச்சம் வந்தபோது, தமைன் மடித்தபடி செல்வியின் தோளில் கிடந்தது. அவளுடைய இரண்டு கைகளும் அந்தத் தெய்வத்தின் முகத்தில் இருந்தன. நெற்றி, மூக்கு, உதடு, கழுத்து என்று அவசரப்படாமல் இறங்கின. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. தோளுக்கு வந்ததும் விரல்கள் தடுமாறின. அதற்குக் கீழே காற்றைத் துழாவின.

கை எங்கே என்று கேட்டாள்.

மணி விளக்கினான். மூலச் சிலையை மண்ணிலிருந்து எடுத்தபோதே இரண்டு கையும் இல்லையாம். உடைந்தது உடைந்தபடியேதான் நகல் எடுப்பார்களாம்.

"அப்படியும் இவ அழகுதானா?"

"ஒலகமே அப்படித்தான் சொல்லுது செல்வி" என்றான் மணி, தானே செதுக்கியதுபோல் பெருமையாக.

செல்வி சிலையின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"ரெண்டு கையும் இல்லாதவளை அழகின்னு நாடு நாடா ஏத்திட்டுப் போறாங்க. எனக்குக் கண்ணு மட்டும்தானே இல்ல... நீ ஏண்ணே எனக்கு ஒரு மாப்பிள்ளைகூடப் பாக்கல?"

கண் தெரிந்த நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.