அண்ணனின் சைக்கிளில் என் பயிற்சி

அண்ணன் மாரடைப்பில் இறந்து சில வாரங்களில் நானும் அவருடைய மருத்துவரிடமே போனேன். பரிசோதனை முடிந்ததும், இதயம் சற்று வேகமாகத் துடிக்கும்படி தினமும் ஏதாவது ஒரு பயிற்சி வேண்டும் என்றார். எனக்கோ இதயம் வேகமாகத் துடித்தாலே பயம்.

"நடங்க, நீந்துங்க, எது வேணும்னாலும் செய்யுங்க. பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த அளவுக்கு மூச்சு வாங்கினா போதும்."

"அண்ணன் தினமும் சைக்கிள் ஓட்டினாங்களே, டாக்டர்?"

"ஓட்டினாரு. மாத்திரையை நிறுத்திட்டாரே. உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை.

முதலில் நடையைத் தேர்ந்தெடுத்தேன். அதிகாலை சுபுஹு தொழுகை முடிந்து கடற்கரைச் சாலையில் இறங்கினால், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த யாராவது கையைப் பிடித்துக்கொள்வார். "அங்கே இருந்தப்பதான் மௌத்துச் செய்தி வந்துச்சு. எப்படி ஆச்சு?" நின்று பதில் சொல்லாமல் போவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. அண்ணன் இறந்ததை முதலிலிருந்து சொல்லிவிட்டு நகர்ந்தால், அடுத்தவர் நிற்பார். நடந்த தூரத்தைவிட நின்ற நேரமே அதிகம். மாடியில் கயிறு தாண்டிப் பார்த்தேன், முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. சைக்கிள்தான் மிஞ்சியது. அதில் போகிறவனை யாரும் கையைப் பிடித்து நிறுத்த முடியாது.

எங்களில் வீடு பெண்ணுக்குத்தான்; திருமணமானதும் மாப்பிள்ளை அங்கே போய்விடுவார். அதனால் அண்ணனின் சைக்கிள் அடுத்த தெருவில், அண்ணன் மனைவியான மச்சியின் வீட்டு முன்கூடத்தில் நின்றது. கணவரை இழந்த பெண் தனித்திருக்கும் இத்தா காலம் மச்சிக்கு இன்னும் முடியவில்லை. வெளி ஆண்கள் முன் வர மாட்டார். கணவரின் தம்பியும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி. திரைக்குப் பின்னாலிருந்து, "எடுத்துக்குங்க தம்பி, சும்மாதானே நிக்குது" என்றார்.

எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது என் வழக்கம். தினமும் காரைக்கால்மேடு வரை மிதித்துவிட்டு, வெயில் ஏறுமுன் சைக்கிளை அதே மூலையில் நிறுத்துவேன். முதல் நாள் அங்கே கரையில் மீன் ஏலத்தில் விலை கூவிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி நிமிர்ந்தார். "நீங்களா பாய்? மட்கார்டு சத்தம் கேட்டு ஒரு நிமிஷம் ஆடிப் போயிட்டேன்." திரும்பும் வழியில், மருத்துவர் சொன்ன அளவு சரிதானா என்று பார்க்க உரக்கப் பேசினேன். மூச்சு வாங்க வந்த குரல் அண்ணனுடையது. வாயை மூடிக்கொண்டேன்.

முன்கூடத்தில் ஸ்டாண்டைத் தட்டி மூச்சிரைக்க உட்கார்ந்தால், சற்று நேரத்தில் திரையோரம் முக்காலியில் டீ வந்துவிடும். இஞ்சி தட்டிப் போட்டது, சர்க்கரை இருக்காது. என் உடல்நிலைக்காக என்று நினைத்து நானும் குடித்தேன். ஒருநாள் அண்ணன் மகளிடம், "எனக்கு சர்க்கரை வியாதி இல்லம்மா, கொஞ்சம் போடச் சொல்லு" என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அது உங்களுக்குன்னு போடுற டீ இல்ல, சாச்சா. ஸ்டாண்டு சத்தம் கேட்டதும் உம்மா எழுந்து அடுப்படிக்குப் போயிடுறாங்க. வாப்பா வர்ற நேரம்ல இது."

மறுநாள் நான் போகவில்லை. வேறு சைக்கிள் வாங்கிவிடலாம் என்று வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியதும் அண்ணன் மகள் ஓடிவந்தாள். என்னைக் கண்டதும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உம்மா தொழுகைப் பாயை விட்டு எழுந்திரிக்கல. உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு."

உடனே போனேன். திரைக்கு முன் நின்று, "மச்சி, அந்தச் சத்தம் உங்களைப் படுத்துதுன்னுதான் வரல" என்றேன்.

"அவங்க இல்லன்னு எனக்குத் தெரியாதா? கேட்டதும் கை தானா டீ போடுது, அவ்வளவுதான்." பிறகு, "சத்தம் வராத காலைய இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது தம்பி. மாத்திரை போடுறீங்கள்ல?" என்றார்.

"போடுறேன் மச்சி."

மறுநாளிலிருந்து மீண்டும் ஓட்டுகிறேன். திரும்பி வந்து உட்காரும்போது திரையின் அடியில் மச்சியின் நிழல் தெரிகிறது. என் மூச்சிரைப்பு அடங்கும் வரை அது அசைவதில்லை. அடங்கிய பிறகுதான் அடுப்படிப் பக்கம் நகர்கிறது.