புல்லுக்குள் கிடந்த பை

கொடிகாமத்தில் வாங்கி வந்து மதிலோரம் நட்ட அலங்காரப் புல் இப்போதுதான் ஊதாக் கதிர் விடத் தொடங்கியிருந்தது. கொத்தாக வளர்ந்த ஒரு பற்றை மட்டும் நடுவில் அழுகிக்கொண்டு வந்தது. காய்ந்ததை வெட்டிவிடலாம் என்று இன்று காலை கையை உள்ளே விட்டேன்.

ஒரு சொப்பிங் பை அகப்பட்டது. இழுத்ததும் கிழிந்தது. மீன் குடலும் செதிளும் புழுவுமாக முழங்கை வரை வழிந்தது.

கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தால், பக்கத்து வீட்டு ராணி அக்கா அடுத்த பையோடு மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்.

"என்னக்கா இது?"

"உது சும்மா பத்தைதானே தம்பி. உரமாகட்டும் எண்டு போட்டனான்."

"அப்ப உங்கடை ரோசாவுக்குப் போடலாமே?"

"ஐயோ, எங்கடை வாசலெல்லே மணக்கும்!"

அழுகிய பற்றையைக் கிளப்பி, தப்பிய மூன்று வேர்த்துண்டுகளைக் கிணற்றடியில் நட்டேன். மீன் கழிவை வாளியில் அள்ளிக்கொண்டுபோய் அவருடைய வாசல் படலையடியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது அவருக்கு என்னோடு கோபமாம்.

நாலு தரம் சவர்க்காரம் போட்டும் கை நாறுகிறது. மதிலோரம் நடுவதற்கு நல்ல முள்ளுச் செடி ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள். பூக்காவிட்டாலும் பரவாயில்லை.